பட்டியலில் பெயர் வேண்டாம்

கதிர்காமத்தம்பியிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைசியாக யார் கதைத்தாரோ அவர் சொன்னதுதான் அவருக்குச் சரி. காலையில் நான் ஒன்று சொன்னால் "ஓம் மிஸி" என்பார். மத்தியானம் இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் ஓம். பொய் சொல்கிற ஆளல்ல. இரண்டு தடவையும் மனப்பூர்வமாகத்தான் தலையாட்டுவார். அதனால் 1985ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நடந்த குழப்பத்துக்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் அவரோடு கதைத்தவர்கள் அதிகம்.

மட்டக்களப்புக்குத் தெற்கே களுதாவளையில் பிறந்தவர். தகப்பனுக்கு வெற்றிலைத் தோட்டம். தண்ணீர் அள்ளி ஊற்றிச் சலித்துப்போய்க் கொழும்புக்கு வந்து தமையனோடு தங்கினார். பிறகு கப்பலேறினார். இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலை. 1979 வசந்தத்தில் அவருடைய கப்பல் எங்கள் துறைமுகத்தில் நின்றபோது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

நான் அப்போது மருத்துவமனையில் தாதி உதவியாளராக இருந்தேன். நோயாளி சொல்வது ஒன்றும் ஒத்துவரவில்லை, தமிழ் தெரிந்தவள் நீதான், வந்து பார் என்று அவர் கிடந்த வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அவருக்கு நீரிழிவு, இருதய நோய், பெனிசிலின் ஒவ்வாமை, உடம்பெல்லாம் வலி என்று எழுதிவைத்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் 'யெஸ்' என்றிருக்கிறார். தமிழில் திரும்பக் கேட்டேன். இடுப்பைத் தவிர ஒன்றுமில்லை. என்னைக் கண்டதும், ஊரில் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல 'மிஸி' என்றார். கடைசிவரை அதுதான் என் பெயர்.

இடுப்பு பொருந்தியது, ஆனால் கப்பல் வேலைக்குச் சரிவரவில்லை. கொம்பனி, தொழிற்சங்கம், வழக்கறிஞர் என்று மாறி மாறி வந்து கதைத்தார்கள். அவர் எல்லாருக்கும் ஓம் சொன்னார். முடிவில் இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் முழுதாகத் தெரியாது. பிறகு நான் கொமூன் நடத்திய முதியோர் இல்லத்துக்கு மாறியபோது அங்கே சலவைப் பகுதியில் ஆள் தேவைப்பட்டது. அவரைச் சேர்த்துவிட்டேன். கொமூன் என்பது நம் ஊர் மாநகரசபை மாதிரி. ஆனால் பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்ற பதிவு, எல்லாம் அதன் கையில்.

அவருடைய மனைவி சின்னமணி 1984 நவம்பரில் வந்து சேர்ந்தாள். சிறிய உருவம். அதிகம் கதைக்க மாட்டாள். வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, இந்த வீட்டுக்குப் பின்வாசல் இருக்கிறதா என்பது. மூன்றாம் மாடியில் பின்வாசல் எங்கே இருக்கும்? குளிருக்குப் பயந்து கேட்கிறாள் என்று கதிர்காமத்தம்பி நினைத்துக்கொண்டார்.

நான் கேட்டு அறிந்தது இது. கணவர் கப்பலிலும் பிறகு டென்மார்க்கிலும் இருந்த காலத்தில் அவள் கொழும்பு வெள்ளவத்தையில், கணவரின் தமையன் சிறீஸ்கந்தராசா வீட்டில் இருந்தாள். 1983 ஜூலைக் கலவரத்தில் அந்தத் தெருவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவன் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வீட்டு இலக்கத்தைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராக வாசித்திருக்கிறான். சின்னமணி குளியலறைக்குப் பின்னால் மதிலோரம் குந்தியிருந்தாள். சிறீஸ்கந்தராசா முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த மனிதர். பெயரைக் கூப்பிட்டதும் வெளியே போனார். திரும்பி வரவில்லை. அடுத்தது அவளுடைய பெயர். அவள் போகவில்லை. வீட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

இதை அவள் என்னிடம் ஒரே தடவைதான் சொன்னாள், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு.

1985 செப்டம்பரில் கொமூனிலிருந்து கதிர்காமத்தம்பிக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. நவம்பரில் நடக்கும் கொமூன் தேர்தலிலும் மாவட்டத் தேர்தலிலும் உங்களுக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்று அதில் இருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார்.

"எனக்கும் வோட்டு வந்திருக்கு மிஸி. பிழையா அனுப்பிப்போட்டாங்களோ?"

பிழையில்லை. நான்கு வருடத்துக்கு முன்னர் ஒரு சட்டம் வந்திருந்தது. டென்மார்க் குடியுரிமை இல்லாதவர்களும் மூன்று வருடம் தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் கொமூனுக்கும் மாவட்டத்துக்கும் வாக்களிக்கலாம், விரும்பினால் போட்டியும் போடலாம். அதற்கு முன்னர் சுவீடன், நோர்வே போன்ற பக்கத்து நோர்டிக் நாட்டுக்காரருக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்தது. 1981 தேர்தலின்போது கதிர்காமத்தம்பிக்கு மூன்று வருடம் நிரம்பியிருக்கவில்லை. இதுதான் முதல் தடவை. நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களிக்க முடியாது. அதற்குக் குடியுரிமை வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கொமூன் விஷயத்தை ஒரு சாதாரணச் சட்டத்தால் மாற்றலாம், அரசியலமைப்பை அப்படி மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்ததை இவ்வளவும் சொன்னேன்.

அவர் தாளைத் திரும்ப மடித்தார்.

"அப்ப எங்களைப் பாதி ஆள் எண்டு எடுத்திருக்கிறாங்க."

அப்படியும் சொல்லலாம் என்றேன். அதற்கும் ஓம் என்றார்.

பிறகு அவர் அந்தத் தாளைக் கண்டவரிடமெல்லாம் காட்டத் தொடங்கினார். சலவைப் பகுதித் தலைவி இங்கர், தன் கட்சிக்குப் போடும்படி சொல்லிக் காரணங்களையும் அடுக்கினாள். ஓம் என்றார். சமையலறையில் இருந்தவன், இங்கரின் கட்சிதான் இந்த நாட்டைக் கெடுத்தது என்றான். அதற்கும் ஓம். பிறகு துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொடுக்கப் போன இடத்தில் ஃப்ரூ ஹோல்மிடம் காட்டினார்.

இல்லத்தில் இருந்த ஃப்ரூ ஹோல்முக்குத் தொண்ணூற்றேழு வயது. ஃப்ரூ என்றால் இங்கே திருமதி. காது நன்றாகக் கேட்கும். நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை, ஆனால் பண்ணைவீட்டில் வேலைக்காரியாக இருந்த காலம் முழுதும் நினைவிருந்தது. நான் அவளுடைய காலுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபடியால் அந்தக் கதை எல்லாம் என் காதிலும் விழுந்தது. இந்த நாட்டின் முதல் அரசியலமைப்பு வந்தபோது சொந்தக் குடித்தனம் உள்ள, முப்பது வயது கடந்த ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. பெண்களுக்கு இல்லை, பிறர் வீட்டில் இருந்து வேலை செய்யும் பணியாட்களுக்கு இல்லை, பிச்சைச் சம்பளம் என்ற உதவிப் பணம் வாங்கிய ஏழைகளுக்கு இல்லை. 1908இல் பெண்களைக் கொமூன் தேர்தலுக்கு விட்டார்கள். ஆனால் அது வரி கட்டுகிற குடும்பத்துப் பெண்களுக்கு. பண்ணைக்காரி போனாள், வேலைக்காரி வீட்டில் பால் கறந்தாள். 1915இல் அரசியலமைப்பைத் திருத்தித்தான் மற்றவர்களையும் சேர்த்தார்கள். 1918இல் அவள் முதல் தடவை வாக்களிக்கப் போனபோது, யாருக்குப் போடவேண்டும் என்று எசமானி சொல்லி அனுப்பினாளாம்.

"நான் சரி என்று சொல்லிவிட்டு என் விருப்பத்துக்குப் போட்டேன்" என்றாள் ஃப்ரூ ஹோல்ம். "எங்களுக்கு எப்போதும் பின்பக்கக் குசினி வாசலைத்தான் முதலில் திறப்பார்கள். கொமூன் வாசல் திறந்து ஏழு வருடத்தில் மற்ற வாசலும் திறந்துவிட்டது. உனக்கும் அப்படித்தான்."

கதிர்காமத்தம்பி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். எண்பத்தொன்றோடு ஏழு. எண்பத்தெட்டில் தனக்கு நாடாளுமன்ற வாக்கும் கிடைக்கும் என்று அன்று பின்னேரமே நாலு பேரிடம் சொல்லிவிட்டார். நான் இல்லை என்றேன். ஓம் மிஸி என்றார்.

இந்த உற்சாகத்தோடு வீட்டுக்குப் போய் சின்னமணிக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அவள் அரிசி களைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கட பேரை அவங்களிட்ட ஆர் குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கல்ல. தானாப் போகும். குடியிருக்கிற ஆக்கள் எல்லாரையும் அவங்களே பட்டியலில போட்டிருவாங்க."

"வீட்டு நம்பரோடயா?"

"ஓம், வீட்டு நம்பரோடதான். இல்லாட்டி வோட்டுக் கார்ட் எப்படி வரும்?"

அவள் அரிசியை அடுப்பில் வைக்கவில்லை. கையைத் துடைத்து, அந்தத் தாளை வாங்கி, களைந்த தண்ணீரில் முக்கிக் கசக்கிக் குப்பையில் போட்டாள். பட்டியலில் பெயர் இருக்கிற வீட்டில் தான் இருக்கமாட்டேன் என்றாள். கதிர்காமத்தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. தமையன் செத்த விதம் அவருக்குக் கடிதத்தில் வந்த செய்தி. அவளுக்கு அது காதால் கேட்டது. அவர் ஓம் என்றார். அந்த ஓமைத்தான் அவர் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சின்னமணி என்னிடம் கேட்டாள், பெயரை எடுத்துவிட யாரிடம் போகவேண்டும் என்று. நான் ஒரு தாதி கதைக்கிற மாதிரித்தான் கதைத்தேன். இங்கே பெயரைச் சேர்ப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஊரெல்லாருடைய பெயரும் இருக்கிறது, இது வெறும் பட்டியல் என்றேன்.

"அங்கயும் அது வெறும் பட்டியல்தானே அக்கா" என்றாள்.

பால் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை கதிர்காமத்தம்பி மதிய இடைவேளையில் தனியாகக் கொமூன் கந்தோருக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம்பெண். வாக்காளர் பட்டியலில் தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டார். அவளுக்கு அது புரியவே சற்று நேரமாயிற்று. பெயர் விடுபட்டுவிட்டது, சேருங்கள் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. எடுங்கள் என்று யாரும் வந்ததில்லை. விருப்பமில்லை என்றால் வாக்களிக்கப் போகாமல் இருக்கலாமே என்றாள். போகாவிட்டால் பெயர் போய்விடுமா என்று கேட்டார். போகாது, இருக்கும் என்றாள். அப்படியானால் எப்படித்தான் போகும்? இறந்தால் போகும், அல்லது வேறு கொமூனுக்குக் குடிமாறினால் இந்தப் பட்டியலிலிருந்து போகும். அவள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாள். அதில் ஒரு பிழையுமில்லை.

கதிர்காமத்தம்பி சாக விரும்பவில்லை. ஆகவே குடிமாறினார்.

வேறொரு கொமூனான கிரின்ஸ்டெட்டில் அவருடைய பழைய கப்பல் சிநேகிதன் இராசரத்தினம் இருந்தார். தொழிற்சாலை வேலை, தனி ஆள். டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம்தான் என்பதால் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. இனி கதிர்காமத்தம்பி குடியிருப்பது அந்த வீட்டில் என்று கொமூனுக்கு அறிவித்துவிட்டால், பட்டியலில் பெயர் கிரின்ஸ்டெட்டில் இருக்கும், ஆள் ஹோர்சன்ஸில் இருப்பார். பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவன் வெறும் வீட்டைத்தான் கண்டுபிடிப்பான். இதைத் தொலைபேசியில் சொன்னபோது இராசரத்தினம் கேட்ட கேள்வியை அவரே பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

"அப்ப உன்னைத் தேடி வாறவன் என்னைக் கண்டா என்ன செய்வான் மச்சான்? சுகம் விசாரிச்சிட்டுப் போவானோ?"

"நீ சொல்லு, அவன் இஞ்ச இல்லை எண்டு."

"அது உண்மைதானே. உண்மையைச் சொல்லுறதில எனக்கென்ன?"

இராசரத்தினம் இதை விளையாட்டாக எடுத்தாரா, நட்புக்காகச் செய்தாரா என்று தெரியாது. சம்மதித்தார். சின்னமணி அன்றிலிருந்து ஒழுங்காகச் சமைத்தாள், ஒழுங்காக டேனிஷ் வகுப்புக்குப் போனாள்.

எனக்கு விஷயம் தெரியவந்தது சம்பளக் கந்தோர்ப் பெண் மூலம். கதிர்காமத்தம்பியின் விலாசம் மாறியிருக்கிறதே, கிரின்ஸ்டெட்டிலிருந்து காலை ஆறு மணி வேலைக்கு எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேட்டாள். அப்படி ஒரு பஸ் இல்லை. கார் ஓட்டவும் அவருக்குத் தெரியாது. சலவைப் பகுதிக்குப் போய்க் கேட்டேன். சொன்னார். நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுதத் தேவையில்லை. அவர் மறந்துபோன ஒன்று என் மனதில் பட்டதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். சின்னமணி இந்த நாட்டில் இருப்பது கணவரோடு சேர்ந்து வாழ்கிறாள் என்ற ஒரே காரணத்தால். அந்த அனுமதி ஒரு வருடத்துக்கு மட்டும். நவம்பரில் புதுப்பிக்க வேண்டும். இப்போது பதிவின்படி கணவர் அவளை விட்டுப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்ச் சரிசெய்வதற்குள் பொலிஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அந்நியர் அனுமதியைப் பார்க்கிற பகுதி. மூன்று பேரும் போனோம். அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மரியாதையாகக் கோப்பியும் தந்தார்.

நீங்கள் மனைவியோடு சேர்ந்து வாழ்கிறீர்களா என்று கதிர்காமத்தம்பியைக் கேட்டார். ஆம் என்றார். பதிவில் வேறு விலாசம் இருக்கிறது, பிரிந்து வாழ்கிறீர்களா? அதற்கும் ஆம் என்றார். அதிகாரி தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"இரண்டும் உண்மைதானே மிஸி" என்றார் தமிழில்.

பிறகு நான் கதைக்க வேண்டியதாயிற்று. வாக்காளர் பட்டியலில் பெயர் வராமல் இருப்பதற்காகக் குடிமாறியதாகப் பதிந்தார் என்றேன். அதிகாரி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வாக்களிக்கக் கிடைத்த உரிமையிலிருந்து தப்புவதற்காக மனைவியை விட்டுப் போனதாகப் பதிந்தாரா என்று கேட்டார். அவர் வாயில் வந்தபோது அது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. எனவே வெள்ளவத்தையைச் சொன்னேன். வீட்டு இலக்கம், பட்டியல், வரவு கூப்பிட்டது, சிறீஸ்கந்தராசா வெளியே போனது. அதற்கெல்லாம் என் டேனிஷ் போதவில்லை. மருத்துவமனைச் சொற்கள்தான் எனக்கு நன்றாக வரும். காயம், தீக்காயம், இறப்பு என்று அதை வைத்தே சொல்லி முடித்தேன்.

அதிகாரி கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சின்னமணியிடம் கேட்கும்படி சொன்னார், இங்கே டென்மார்க்கில் யார் வரப்போகிறார்கள் என்று.

"அங்கயும் ஆர் வருவாங்க எண்டு முதல்லயே தெரியாதுதானே" என்றாள் அவள்.

மொழிபெயர்த்தேன். அவர் அதை எழுதவில்லை. கணவர் வேறிடத்தில் பதிந்திருக்கும்வரை தன்னால் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, இந்தக் கிழமைக்குள் திரும்பப் பதிந்து அத்தாட்சியைக் கொண்டுவாருங்கள், அதுவரை இந்தக் கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன் என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

வெளியே மழை. பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். ஒரு பக்கம் பட்டியலில் பெயர், மறுபக்கம் விமானம். நடுவில் வேறு வழியில்லை என்று சின்னமணிக்கு விளக்கமாகச் சொன்னேன். திரும்பிப் போவதென்றால் எங்கே போவாய் என்றும் கேட்டேன். கதிர்காமத்தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னிடம் யாரும் ஒன்றும் கேட்காததால் அவருக்கு ஓம் சொல்லவும் வழியில்லை.

பஸ் வந்தபோது சின்னமணி சொன்னாள்.

"பேரைப் போடட்டும். ஆனா அந்தப் பட்டியலை நான் என்ர கண்ணால பார்க்கவேணும். ஆரிட கையில இருக்கு, அங்க வைச்சு என்ன செய்யிறாங்க எண்டு பார்க்கவேணும். அதுக்குப் பிறகுதான் அந்த வீட்டில இருக்கிறதா இல்லையா எண்டு சொல்லுவன்."

அடுத்த நாளே திரும்பப் பதிந்தார். அதிகாரி சொன்ன சொல்லை மாற்றாமல் இன்னொரு வருடத்துக்கு முத்திரை குத்திக்கொடுத்தார். சின்னமணி முத்திரையைப் பார்த்தாள், சந்தோஷப்படவில்லை. வாக்கு அட்டை வந்த நாளிலிருந்து மெத்தையைத் தூக்கி, முன்கதவுக்குத் தூரமாகக் குசினியில் போட்டுக்கொண்டு, பயணப் பையையும் கட்டி வைத்துக்கொண்டு இருந்தாள். எங்கே போவதற்கு அந்தப் பை என்று கேட்டால் தெரியாது என்பாள்.

தேர்தல் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்களிப்பு. நானும் அதே தெருவில் குடியிருந்ததால் எனக்கும் அங்கேதான் வாக்கு. வேலை முடிந்து மூன்று பேரும் போனோம்.

வாசலில் பொலிஸ் இல்லை. சின்னமணிக்கு அது பிடிக்கவில்லை. பொலிஸ் இல்லாமல் எப்படித் தேர்தல் என்றாள். பொலிஸ் நின்றிருந்தாலும் அவளுக்குப் பிடித்திராது. உள்ளே ஒரு மூலையில் பிள்ளைகளின் பெற்றோர் கேக்கும் கோப்பியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். கயிறு ஏறும் கம்பங்களுக்குக் கீழே மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று வயதானவர்கள், தெர்மோஸ் குடுவை, ஒரு தடித்த பட்டியல்.

எங்கள் தெருவுக்குரிய மேசைக்குப் போனோம். சின்னமணியிடம் அட்டை இல்லாததால் தள்ளி நிற்கச் சொன்னார்கள். இவள் பட்டியலைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றேன். மேசையிலிருந்த கிழவர் அப்படியொரு வேண்டுகோளைக் கேட்டதே இல்லை. பக்கத்தவரைப் பார்த்தார். பக்கத்தவர் தோளைக் குலுக்கினார். பிறகு கிழவர் பட்டியலை அவள் பக்கமாகச் சற்றுத் திருப்பினார்.

ஊரில் அவள் ஒரே ஒரு தடவை வாக்களிக்கப் போயிருந்தாள். அவள் போவதற்குள் யாரோ அவளுடைய வாக்கைப் போட்டுவிட்டதால் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேசையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கதிர்காமத்தம்பி அட்டையை நீட்டினார். கிழவர் அந்த நீண்ட பெயரை வாசிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டுப் பிறந்த திகதியைக் கேட்டார். பட்டியலில் விரலை ஓட்டிப் பிடித்தார். ஒரு அடிமட்டக் கோலை எடுத்துப் பெயருக்குமேல் வைத்து, பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு இரண்டு வாக்குச் சீட்டுகளைக் கொடுத்தார், கொமூனுக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று.

சின்னமணி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வெட்டிப்போட்டாரா?"

"ஓம், வந்தவரை அடையாளம் வைக்கிறதுக்கு" என்றேன்.

"வோட்டுப் போட வந்தா வெட்டுவாங்களா?"

"ஓம்."

"வராட்டி?"

"வராட்டி அப்படியே கிடக்கும்."

இதைத்தான் நான் சொன்னேன். கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில். வாக்குப் போட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும் என்று அவள் எடுத்துக்கொண்டது அவள் முகத்தில் தெரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு தோளைத் தளரவிட்டாள். திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தி என்ன சொல்வது? வெட்டியும் வெட்டாத பெயர் என்றா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கதிர்காமத்தம்பி மறைப்புக்குள் போனவர் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். ஊர்ச் சீட்டில் யானை, சூரியன், சைக்கிள் என்று படம் இருக்கும், இங்கே எழுத்தும் பெயர்களும் மட்டும் என்று நான் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். கடைசியில் வேர்த்த முகத்தோடு வந்தார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கரிடம் இங்கரின் கட்சிக்கு என்றார். சமையலறைக்காரனிடம் அவன் கட்சிக்கு என்றார். ஃப்ரூ ஹோல்மிடம் என்ன சொன்னாரோ, அவள் அன்று முழுதும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் சின்னமணி வேகமாக நடந்தாள். அந்தப் பட்டியலில் அவள் கண்டது கணவரின் பெயரை மட்டுமல்ல. வீட்டு இலக்கப்படி எழுதியிருந்ததால் அதே படிக்கட்டில் குடியிருந்த எல்லாருடைய பெயரும் மேலும் கீழுமாக இருந்தன. பாதிக்குக் கோடு விழுந்திருந்தது. கதிர்காமத்தம்பியின் பெயருக்குச் சற்றுக் கீழே முதலாம் மாடி ஃப்ரூ லூண்டின் பெயர், கோடு இல்லாமல்.

நான் தேத்தண்ணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். படியேறும்போது சின்னமணி முதலாம் மாடியில் நின்று மணியை அடித்துவிட்டாள். ஒரு வருடமாக அந்தப் பெண்ணோடு அவள் 'வணக்கம்' தவிர ஒன்றும் கதைத்ததில்லை. ஃப்ரூ லூண்ட் மேற்சட்டைக்குமேல் கட்டிய சமையல் துணியோடு கதவைத் திறந்தாள். சின்னமணி வகுப்பில் படித்த டேனிஷைக் கூட்டி, உங்கள் பெயர் இருக்கிறது, போங்கள், எட்டு மணிவரை நேரம் இருக்கிறது என்றாள். ஃப்ரூ லூண்ட், இந்த முறை யாருக்குப் போடுவதென்று தெரியவில்லை, அதனால் போகவில்லை என்றாள்.

"யாருக்காவது போடுங்கள், ஆனால் போங்கள்" என்றாள் சின்னமணி.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இவள் எந்தக் கட்சிக்காரி என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். ஒரு கட்சியும் இல்லை, இவளுக்கு இன்னும் வாக்கும் இல்லை என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சமையல் துணியை அவிழ்த்துக் கதிரையில் போட்டுவிட்டு, குளிர்கோட்டை எடுக்க உள்ளே போனாள். சின்னமணி அவள் படியிறங்கும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு இரண்டாம் மாடிக்குப் போய், அங்கேயும் மணியை அடித்தாள்.